வேதாளம் எங்கே தூங்கும்? கற்பனை உயிர்களுக்கும் காட்டுக் கள்வர்களுக்கும் அன்றாட வாழ்க்கை அமைக்க ஒரு வழிகாட்டி

மிகுபுனைவுக் கதை எழுத ஆசைப்பட்டு உட்காருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு வரைபடம் வரைந்துவிடுவார்கள். மலைத்தொடர், இரண்டு ஆறு, ஐந்தாறு நாடு, ஆயிரம் ஆண்டுப் போர், அரச பரம்பரைப் பட்டியல் எல்லாம் தயாராகிவிடும். அப்புறம் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினால் கை நின்றுவிடும். கதையில் வரும் பூதம் காலையில் எழுந்திருக்க வேண்டும், ஆனால் அது ராத்திரி எங்கே படுத்திருந்தது என்று எழுதுகிறவருக்கே தெரியாது. கொள்ளைக்கூட்டத் தலைவன் சாப்பிட உட்கார வேண்டும், சமைத்தது யார், அரிசியோ மாவோ எங்கிருந்து வந்தது, யார் சுமந்து வந்தார்கள், ஒன்றும் தெரியாது.

ஆகவே வரைபடத்தை மடித்து வைத்துவிடுங்கள். ஒரு உயிரினம், ஒரு கூட்டம், ஒரு நாள். அதிலிருந்து தொடங்கலாம். விடிந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் போரும் வரலாறும் அதற்குள்ளிருந்தே முளைக்கும். நான் இங்கே ஒரே உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறேன்: மரத்தில் தலைகீழாகத் தொங்கி வாழும் வேதாளங்கள், அந்த மரங்களுக்கு அடியில் ஒளிந்து வாழும் ஒரு கொள்ளைக்கூட்டம். உங்களுடையது யட்சியாகவோ நாகராகவோ மலைக்குள் வாழும் குள்ளர்களாகவோ இருக்கலாம், வழி ஒன்றுதான்.

முதல் படி: உடம்பில் ஒரே ஒரு மாற்றம், அதை விடாமல் துரத்துவது

புதியவர்கள் ஒரே உயிரினத்துக்கு இறக்கை, நெருப்பு மூச்சு, மாயக்கண், ஆயிரம் வயது என்று எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த எதையும் பின்தொடர்வதில்லை. ஒரே ஒரு வேறுபாட்டை எடுங்கள். அதைப் பார்த்து "அப்படியானால்?" என்று கேளுங்கள். வந்த பதிலைப் பார்த்து மறுபடி "அப்படியானால்?" என்று கேளுங்கள். மூன்றாவது முறை கேட்கும்போதுதான் பண்பாடு என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று வரும். முதல் இரண்டு பதில்கள் யாருக்கும் தோன்றக்கூடியவை.

வேதாளம் தலைகீழாகத் தொங்குகிறது. அப்படியானால்? கால் விரல்கள் பலமாக இருக்கும், கைகள் சும்மா இருக்கும். இது முதல் சுற்று. இங்கே நின்றுவிடாமல், நிஜத்தில் தலைகீழாகத் தொங்கும் ஒரு பிராணியைப் போய்ப் பாருங்கள். வௌவாலின் கால் தசைநார் ஒரு பூட்டு மாதிரி வேலை செய்கிறது. உடம்பின் எடையே விரல்களை மூடிப் பூட்டிவிடுகிறது, அதனால் தொங்குவதற்கு அது சிரமப்படவே தேவையில்லை, விடுவதற்குத்தான் முயற்சி தேவை. தூக்கத்தில் செத்துப்போன வௌவால் விழாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

இதைப் படித்த அன்று எனக்கு வேதாளங்களின் சாவுச் சடங்கு முழுசாகக் கிடைத்துவிட்டது. செத்தவர் விழமாட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கு நடுவிலேயே, தூங்குகிறவர் போலவே தொங்கிக்கொண்டிருப்பார். யாராவது போய் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். யார் திறப்பது? மிக நெருங்கியவர் மட்டும். எந்த விரலிலிருந்து தொடங்குவது? கடைசி விரலைத் திறப்பதற்கு முன்னால் என்ன சொல்வார்கள்? "என் விரலை நீதான் விடுவிக்க வேண்டும்" என்று ஒரு வேதாளம் இன்னொன்றிடம் சொன்னால் அதைவிடப் பெரிய அன்புச்சொல் அந்த மரத்தில் இருக்காது. அதையே பகைவனிடம் "உன் விரலை நான் விடுவிக்கிறேன்" என்று சொன்னால் கொலை மிரட்டல். இரண்டிலும் வருவது ஒரே செயல்தான், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது.

விரல் திறந்ததும் உடம்பு தரையில் விழும். ஆகவே தரை என்பது விடுபட்டவர்களின் இடம். உயிரோடிருக்கும் வேதாளம் தரையைத் தொடாது. தரையில் நடமாடும் மனிதர்களை அவை எப்படிப் பார்க்கும்? இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

இன்னொரு விஷயமும் வௌவாலிடமிருந்தே கிடைக்கிறது. மலஜலம் கழிக்கும்போது பல வௌவால்கள் உடம்பைத் திருப்பி, கட்டைவிரல் நகங்களால் பிடித்துக்கொண்டு தலை மேலாகத் தொங்கும். வேலை முடிந்ததும் பழையபடி திரும்பிக்கொள்ளும். இதை வேதாளத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். தலைநிமிர்வது என்பது அவற்றுக்கு மறைவாகச் செய்ய வேண்டிய காரியம். நம் மொழியில் "நிமிர்ந்து நில்" என்பது பாராட்டு. வேதாளக் குழந்தைக்கு அதுதான் கெட்ட வார்த்தை. மனிதர்கள் நாள் முழுக்க நிமிர்ந்தே திரிகிறார்கள் என்பதால் வேதாளத் தாய்மார் குழந்தைகளின் கண்ணைப் பொத்துவார்கள்.

அழுதால் கண்ணீர் நெற்றியில் வழியும். ஆகவே "நெற்றி நனைந்தது" என்றால் துக்கம். தண்ணீர் குடிக்க என்ன பாத்திரம்? ஆடும் மாடும் தலையைக் குனிந்துதானே குடிக்கின்றன, விழுங்குவது தசையின் வேலை, அதனால் குடிப்பதில் சிக்கலில்லை. ஆனால் அகன்ற பாத்திரம் ஆட்டத்தில் சிந்தும், குறுகிய வாய் கொண்ட சுரைக்குடுக்கைதான் சரிப்படும். பொருள்களை எங்கே வைப்பது? தரை கிடையாது, அலமாரி கிடையாது, எல்லாம் கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். கயிறு திரிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஊரில் தனி மரியாதை.

இப்படி ஒரு மாற்றத்திலிருந்து சடங்கு, வசவு, பாத்திரம், தொழில் நான்கும் வந்துவிட்டன. இதற்கு மேல் மாயசக்தி வேண்டுமென்றால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் அதையும் இதே மாதிரி துரத்த வேண்டும்.

இரண்டாம் படி: அளவு

உங்கள் உயிரினம் நம் அளவிலேயே இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

உயரம் இரண்டு மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. கலிலியோ 1638இல் வெளியான தன் நூலிலேயே இதை எலும்புப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். ஆகவே அரக்கன் நம்மை அப்படியே பெரிதாக்கிய உருவமாக இருக்க முடியாது. கால்கள் தூண் போலத் தடித்திருக்க வேண்டும், ஓடுவது கஷ்டம், விழுந்தால் எலும்பு நொறுங்கும். விழுவதற்குப் பயப்படும் ஒரு இனம் எப்படி வீடு கட்டும்? படிக்கட்டே இருக்காது. ஈரத்தரையில் நடக்க ஒரு முறை இருக்கும்.

சாப்பாட்டுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மாக்ஸ் கிளைபர் என்ற உயிரியலாளர் 1932இல் கண்டு சொன்னது: உடம்பு செலவழிக்கும் ஆற்றல் எடையின் முக்கால் அடுக்காகத்தான் ஏறுகிறது, அதாவது எடை ஏறும் அளவுக்கு ஏறுவதில்லை. மனிதனைப் போல மூன்று மடங்கு உயரமான அரக்கன் 27 மடங்கு எடை இருப்பான், ஆனால் ஏறக்குறைய 12 பேர் சாப்பாடு அவனுக்குப் போதும். மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள குள்ளனுக்கு எதிர்மாறு. ஒரு கிலோ உடம்புக்கு நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் சாப்பாடு வேண்டும். அதாவது அரக்கர்கள் நிதானமாகப் பசிப்பவர்கள், குள்ளர்கள் ஓயாமல் பசிப்பவர்கள். பேச்சுவார்த்தைக்கு இரண்டு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்தால் நடுவில் மூன்று முறை எழுந்துபோய்ச் சாப்பிட்டு வருவது யார், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: புலன்கள்

மனிதர்களின் மரியாதை பெரும்பாலும் கண்ணைச் சார்ந்தது. எழுந்து நிற்பது, கும்பிடுவது, நல்ல துணி உடுத்துவது எல்லாம் பார்வைக்கு. மோப்பத்தால் உலகை அறியும் உயிரினத்துக்கு இவை எதுவும் புரியாது. அதன் வீட்டுக்குள் நுழையும்போது வெளி வாசனையைக் கழுவிவிட்டு வருவதுதான் மரியாதை. குளித்துவிட்டு வந்த விருந்தாளி முகமூடி போட்டு வந்தவன் மாதிரியும் தோன்றலாம். இரண்டில் எது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

யானைகள் நம் காதுக்கு எட்டாத, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியில் பல கிலோமீட்டர் தாண்டிப் பேசிக்கொள்கின்றன. அப்படிப் பேசும் ஒரு இனத்தில் ரகசியம் என்பது எப்படி இருக்கும்? கணவன் மனைவி சண்டை அடுத்த பள்ளத்தாக்குக்கும் கேட்கும். ஆகவே அந்தரங்கப் பேச்சுக்கென்று வேறு வழி கண்டுபிடித்திருப்பார்கள், தொட்டுப் பேசுவது, மணலில் கீறுவது என்று ஏதாவது.

எண்களையும் கவனியுங்கள். நமக்குப் பத்து விரல் இருப்பதால் பத்தில் எண்ணுகிறோம். கலிபோர்னியாவின் யூக்கி மக்கள் விரல்களுக்கு இடையிலான சந்துகளைக் கொண்டு எட்டில் எண்ணினார்கள். கால் விரலால் தொங்கும் வேதாளம் கை விரலில் மட்டும்தான் எண்ண முடியும், காலை விட்டால் கதை முடிந்தது. நம் ஆட்கள் கோபத்தில் "கைவிட்டான்" என்பது போல அங்கே "கால்விட்டான்" என்றால் செத்தான் என்று அர்த்தம்.

நான்காம் படி: நிலம்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. கற்பனை உலகம் படைப்பதற்கென்று எத்தனையோ கேள்விப் பட்டியல்கள் வெளியில் கிடைக்கின்றன, நானும் சிலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தேன், ஆனால் தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலைவிட நல்லதை இதுவரை பார்க்கவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். எட்டே எட்டு. ஒரு நிலத்தைச் சொன்னதும் இந்த எட்டையும் சொல்லியாக வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள், அதில் விளைபவை கருப்பொருள், அங்கே மனிதர்கள் என்ன உணர்கிறார்கள் என்பது உரிப்பொருள். மூன்றும் ஒன்றையொன்று பிடித்திருக்கும்.

இந்தப் பட்டியலில் இசைக்கு இரண்டு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பறை வேறு, யாழ் வேறு. ஒன்று ஊரே கேட்பது, வேலைக்கும் அபாயத்துக்கும் ஆனது. இன்னொன்று நெருக்கமானது. உங்கள் உயிரினத்துக்கு இரண்டையும் நிரப்புங்கள். ஊரைக் கூட்டும் சத்தம் எது? தனியாக இருக்கும்போது எழுப்பும் சத்தம் எது? வேதாளங்களுக்கு நான் இப்படி நிரப்பினேன்: ஊரைக் கூட்டும் சத்தம், காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கிளையில் மோதுவது. தனிமைச் சத்தம், தான் தொங்கும் கயிற்றை விரலால் மீட்டுவது. கயிறு ஏற்கெனவே அங்கே இருந்தது, புதிதாக எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. நன்றாக நிரப்பிய பட்டியலில் இப்படித்தான் ஒரு பொருள் இரண்டு மூன்று இடத்துக்கு வந்து உதவும்.

பாலைத் திணையைக் கொள்ளையர் கதை எழுதுகிற எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு தம் இயல்பை இழக்கும்போது அது பாலை ஆகிறது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கே வாழ்பவர்களின் தொழில் வழிப்பறி. ஒரு காலத்தில் அதே இடம் மேய்ச்சல் நிலமாகவோ தினைப்புனமாகவோ இருந்தது, அதே ஆட்கள் மேய்த்திருப்பார்கள், விதைத்திருப்பார்கள் என்ற எண்ணம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதோடு பாலைக்கு வகுத்த பறைகளின் பெயரைப் பாருங்கள்: சூறைகோட் பறை, நிரைகோட் பறை. கொள்ளைக்கு ஒரு பறை, மாடு கவர ஒரு பறை. கொள்ளையடிக்கப் போவதற்குக்கூட ஒரு தாளமும் முறையும் தெய்வமும் இருந்தன. ஒரு கூட்டத்துக்குப் பண்பாடு இருக்கிறது என்றால் இதுதான் பொருள்.

ஐந்தாம் படி: உங்கள் கள்வர்களை யார் வெளியே தள்ளினார்கள்?

கொள்ளையர் கூட்டத்தை எழுதும்போது முதல் கேள்வி அவர்களிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்பது இல்லை. சட்டம் அவர்களை எந்த வார்த்தை சொல்லி வெளியே தள்ளியது என்பதுதான். இடைக்கால இங்கிலாந்தில் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவிக்கப்பட்டவனுக்கு "ஓநாய்த் தலை" என்று பெயர். ஓநாயைக் கொல்வது போல அவனைக் கொல்லலாம், சொத்து பறிபோகும், சட்டத்தின் கண்ணில் அவன் செத்தவனுக்குச் சமம். பழைய ஐஸ்லாந்தில் இரண்டு வகை இருந்தது. சிறிய தண்டனை என்றால் மூன்று ஆண்டு நாட்டை விட்டுப் போய்த் திரும்பலாம். முழுத் தண்டனை பெற்றவனைக் "காட்டு மனிதன்" என்று அழைத்தார்கள், அவனுக்குச் சோறு போடுவதும் தங்க இடம் கொடுப்பதும் குற்றம்.

இந்த ஒரு விவரத்தை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். சோறு போட்டால் குற்றம் என்றால், அம்மா வீட்டுக் கொல்லைப்புறத்தில் ராத்திரி மூடி வைத்த பாத்திரம் ஒன்று இருக்கும். அதை யாரும் பேசமாட்டார்கள். காலையில் பாத்திரம் காலியாக இருந்தால் மகன் உயிரோடு இருக்கிறான். காலியாக இல்லாத காலையில் அம்மா என்ன செய்வாள்? நாய் தின்றிருக்குமோ என்ற சந்தேகம் வேறு. உங்கள் உலகத்தில் தண்டனை என்ன என்று முடிவு செய்யுங்கள், அதன் பிறகு அந்தத் தண்டனையைச் சுற்றிக் குடும்பத்தார் கண்டுபிடித்த சந்துபொந்துகளை எழுதுங்கள். அன்றாட வாழ்க்கை அந்தச் சந்துகளில்தான் நடக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு இனம் முழுக்கப் பிறவிக் கள்வர்கள் என்று எழுதாதீர்கள். அது கற்பனைக் கதைகளில் மிகவும் சாதாரணமாகப் புழங்குகிற ஒன்று, பச்சைத்தோல் உயிரினங்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள், நாகர்கள் எல்லாம் வஞ்சகர்கள் என்று. பிரிட்டிஷ் ஆட்சி 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, சமூகம் சமூகமாகப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அதை நீட்டினார்கள். பெயர் பதிந்தவர்கள் போலீசில் ஆஜராக வேண்டும், அனுமதி இல்லாமல் வெளியூர் போகக்கூடாது. நாடு முழுவதும் அது நீங்க 1952 ஆனது. நிஜ மனிதர்களை அப்படிப் பார்த்ததால் என்ன ஆனது என்று தெரிந்த மொழியில் எழுதுகிறோம். கற்பனை உயிர்களுக்கும் அந்த அநியாயத்தைச் செய்ய வேண்டாம். அதே சமயம், அப்படி ஒரு சட்டம் போடும் அரசை உங்கள் கதையில் வையுங்கள், அங்கே எழுத நிறைய இருக்கிறது.

ஆறாம் படி: கூட்டத்துக்குள் இருக்கும் சட்டம்

சட்டத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்குச் சட்டம் இல்லாமல் ஒருநாளும் நகராது. போலீசும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில் ஒரு சண்டை பெரிதானால் கூட்டமே அழியும், அதனால் உள்விதிகள் நாட்டுச் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கும். 1722இல் இறந்த பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கடற்கொள்ளைத் தலைவனின் கப்பலில் இருந்த விதிகள் அச்சில் கிடைக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. காசு வைத்துச் சூதாடக்கூடாது. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும், அதற்கு மேல் குடிக்க ஆசைப்பட்டால் திறந்த தளத்தில் போய்க் குடிக்கலாம். கப்பலுக்குள் யாரும் யாரையும் அடிக்கக்கூடாது, தகராறைக் கரையில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தலைவனுக்கு இரண்டு பங்குதான். கையோ காலோ போனவருக்கு 800 வெள்ளிக்காசு. இசைக்கலைஞர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு.

கடைசி விதியை நான் பல தடவை படித்திருக்கிறேன். கொள்ளைக் கப்பலில் இசைக்கலைஞர்கள் இருந்தார்கள், ஆறு நாளும் ராத்திரி பகல் பார்க்காமல் வாசிக்கச் சொல்லி மற்றவர்கள் பிடுங்கியிருக்கிறார்கள், அது தகராறாகி, விதியாக எழுதும் அளவுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் செய்த ஏதோ ஒன்று இருக்கிறது. உங்கள் கூட்டத்துக்கும் ஒரு ஏழெட்டு விதி எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது யாரால் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஆள் இன்னும் கூட்டத்தில் இருக்கிறாரா? அவர் இருக்கும்போது அந்த விதியைச் சொன்னால் எல்லோரும் எங்கே பார்ப்பார்கள்?

ஏழாம் படி: உப்பு, புகை, தண்ணீர்

காட்டில் ஒளிந்திருப்பவர்களை எழுதுகிறவர்கள் அவர்களுக்கு மான்கறி கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மான் கிடைக்கும், உப்பு கிடைக்காது. இரும்பு, ஊசி, நூல், மருந்து, எண்ணெய், செய்தி எதுவும் காட்டில் முளைக்காது. ஆகவே வெளியே ஒருவர் இருக்கிறார். அவர் எதற்காக உதவுகிறார்? பயமா, பணமா, சொந்தமா? அவருக்கு உப்பு கொடுப்பவர் கேள்வி கேட்பதில்லையா, நாலு பேர் வீட்டுக்கு இவ்வளவு உப்பு எதற்கு என்று? கொள்ளைக்கூட்டத்தின் உயிர் தலைவனின் வாளைவிட இந்த ஆளின் வாயில்தான் இருக்கிறது. பெரும்பாலான கூட்டங்கள் சண்டையில் தோற்பதைவிட இந்த இடத்தில் காட்டிக்கொடுக்கப்பட்டு அழிவதாக எழுதினால்தான் நம்பும்படி இருக்கும்.

அப்புறம் முகாமின் சின்னச் சின்ன விஷயங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மற்றவர்களும் வருவார்கள், அதனால் கொஞ்சம் தள்ளித்தான் தங்க முடியும், தினமும் யாரோ சுமக்க வேண்டும். பகலில் புகை தெரியும், இரவில் வெளிச்சம் தெரியும், ஆகவே மூட்டம் இருக்கும் விடியற்காலையில்தான் சமையல். அந்த ஒரு வேளைச் சூடான சாப்பாட்டுக்கும் நாளின் மற்ற ஆறிய சாப்பாட்டுக்கும் வேறு வேறு பெயர் இருக்கும். இருமல் வந்தவர், அழும் குழந்தை, குரைக்கும் நாய் மூன்றும் ஆபத்து. கூட்டத்தில் குழந்தை பிறந்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்காதீர்கள். கழிப்பிடம் எந்தப் பக்கம் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள், கதையில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

எட்டாம் படி: இரண்டு கூட்டமும் சந்திக்கும் இடம்

இப்போது வேதாள மரத்தடிக்கு வருவோம். ஊர்க்காரர்கள் பயந்து அந்தப் பக்கம் வருவதில்லை, அதனால்தான் கள்வர்கள் அங்கே தங்குகிறார்கள். வேதாளங்கள் ஏன் பொறுத்துக்கொள்கின்றன? "நல்லவை" என்று பதில் சொன்னால் கதை செத்துவிடும். கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். நிஜத்திலேயே பார்க்கலாம்: மொசாம்பிக்கில் யாவ் மக்கள் ஒரு தனிச் சத்தம் எழுப்பித் தேன்காட்டிப் பறவையைக் கூப்பிடுகிறார்கள், அது தேன்கூட்டுக்கு வழிகாட்டுகிறது, தேன் மனிதருக்கு, மெழுகு பறவைக்கு. இருவருக்கும் வேறு வேறு பொருள் தேவைப்படுவதால் அது நிலைக்கிறது. என் கதையில் வேதாளங்களுக்கு நார்க்கயிறு வேண்டும், கள்வர்களுக்கு உயரத்திலிருந்து பார்க்கும் கண் வேண்டும். கொள்ளையடித்த பொதியில் பொன்னை ஒதுக்கி வைத்துவிட்டு, அதைக் கட்டியிருந்த கயிற்றை வேதாளத்துக்குக் கொடுக்கிறார்கள்.

தகராறும் இருக்க வேண்டும், அதுவும் அன்றாடத் தகராறாக. கீழே அடுப்பு மூட்டினால் புகை எங்கே போகும்? மேலே தொங்குகிறவர்களின் முகத்துக்கு. மனிதர்களுக்குள் வாசலில் குப்பை கொட்டுவதற்குச் சமமான சண்டை இது. காற்றுத் திசை பார்த்து அடுப்பிடம் மாறும், எந்தக் காற்றுக்கு எந்த இடம் என்று இரண்டு தரப்பும் பேசிவைத்திருக்கும், புதிதாகச் சேர்ந்த ஒருவன் தெரியாமல் தவறான இடத்தில் மூட்டிவிடுவான். ஒரு அத்தியாயம் அங்கேயே கிடைத்துவிட்டது.

கடன் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். இரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று நாள் இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும், அதனால் வயிறு நிறைந்தது பசித்ததற்குக் கக்கிக் கொடுக்கிறது, முன்பு தனக்குக் கொடுத்தவருக்கே அதிகம் கொடுக்கிறது. இந்தக் குணத்தை வேதாளத்துக்குக் கொடுத்தால், அவற்றின் உலகில் நன்றி என்பது சொல்லில் இருக்காது. "நன்றி" என்று வாயால் சொல்லி முடித்துக்கொள்ளும் மனிதன் கடனைத் தட்டிக்கழிப்பவனாகத் தெரிவான்.

ஒன்பதாம் படி: பேச்சு

தனி மொழி ஒன்றை இலக்கணத்தோடு உருவாக்கத் தேவையில்லை. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறிச் சொற்கள் பட்டியலாகவே அச்சானது, அதைப் பார்த்தால் பெரும்பாலும் பெயர்ச்சொற்கள்தான் மாறியிருக்கும், வாக்கிய அமைப்பு ஊர்ப்பேச்சுதான். உங்கள் கூட்டத்துக்கும் பத்துப் பன்னிரண்டு சொல் போதும்: காவலருக்கு, பணத்துக்கு, காட்டிக்கொடுப்பவனுக்கு, ஓடு என்பதற்கு. மீதியைப் பழமொழியிலும் வசவிலும் சத்தியத்திலும் காட்டுங்கள். ஒரு உயிரினம் எதன் மேல் சத்தியம் செய்கிறது என்று தெரிந்தால் அதற்கு எது பெரிது என்று தெரிந்துவிடும். அந்தச் சொற்களுக்குக் கதைக்குள் விளக்கம் கொடுக்காதீர்கள். மூன்றாவது முறை வரும்போது வாசகருக்குத் தானாகவே புரியும், அந்தச் சந்தோஷத்தை அவரிடமிருந்து பறிக்க வேண்டாம்.

அப்புறம், எல்லோரையும் ஒரே மாதிரி எழுதாமல் இருக்க ஒரு சுலபமான வழி: கூட்டத்தின் வழக்கம் ஒன்றை எடுத்து, அதை நம்பும் ஒருவர், நம்பாமல் செய்யும் ஒருவர், செய்ய மறுக்கும் ஒருவர், அதைத் தப்பாகவே கற்றுக்கொண்ட ஒரு குழந்தை என்று நான்கு பேரை வையுங்கள். தரையைத் தொட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும் ஒரு வேதாளச் சிறுமி எனக்கு இப்படித்தான் கிடைத்தாள்.

பத்தாம் படி: எழுதிப் பார்ப்பது

இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதி முடித்ததும் அந்தக் குறிப்பேட்டை மூடிவிட்டு, ஒரு பக்கம் மட்டும், ஒரு சாதாரண நாளின் ஒரு மணி நேரத்தை எழுதுங்கள். போர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், ரகசிய அரசகுமாரன் வேண்டாம். இரண்டு பேர் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டே பேச வேண்டும், கயிறு திரிக்கலாம், கறி உரிக்கலாம், காயத்துக்குக் கட்டு மாற்றலாம். குறிப்பேட்டில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். சரி, வரட்டும். மீதி இருப்பது எழுதுகிறவரின் கை தடுமாறாமல் இருப்பதற்கு.

நான் எழுதிய பக்கத்தில், மூட்டம் கலையாத விடியலில் ஒரு கள்வன் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறான். ஊரில் அவனைச் செத்தவன் என்று அறிவித்து, அவன் பெயரைக் குடும்பத்தார் சொல்லக்கூடாது என்று தடை போட்டு நான்கு ஆண்டு ஆகிறது. அந்தச் சிறுமி கீழ்க்கிளை வரை இறங்கி வந்து, அவன் முகத்துக்கு நேராகத் தொங்கிக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிறாள். நீ தரையில்தானே இருக்கிறாய், அப்படியென்றால் உன் விரலை யார் விடுவித்தது? அவன் ஊதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசிக்கிறான். புகை அவள் பக்கம் போகிறது. எழுந்து அடுப்பைக் காற்றுக்கு மறுபுறம் நகர்த்திவிட்டு, "யாரும் வரவில்லை, நானே திறந்துகொண்டேன்" என்கிறான்.